மெர்சிங்குக்குப் போய்விட்ட ஓட்டு

படம் எடுக்கிற இடத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஆள் மைக் பிடிக்கிறவள்தான். கூச்சக்காரியான எனக்கு அதனாலேயே இந்த வேலை பிடித்துப்போனது. கை மரத்துப்போக மைக் பிடித்த சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

குளுவாங்கில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா, வாக்காளர் பட்டியலில் பெயர் தவறிப்போனவர்களைத் தேடித் தேடிக் கைபேசியில் படம் பிடிக்கிறார். ஆறாம் வகுப்போடு நின்ற நான் அவருக்குத் துணை. இடுப்பில் மகள், கையில் மைக்.

சிமிட்டும் விளக்கு

ஒலிப்பதிவுக் கருவியில் பொத்தானை ஒருதரம் அமுக்கினால் சிவப்பு விளக்கு சிமிட்டும். இன்னொரு தரம் அமுக்கினால்தான் விளக்கு நிலையாக எரிந்து பதிவாகும். அப்புறம், பேட்டி முடிந்ததும் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. செல்வி அக்கா சிரித்தார். "உனக்கு இது கஷ்டமில்ல தங்கச்சி, வருஷக்கணக்கா அதைத்தானே செய்யிற."

பதினோரு பேர்

பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில் பாப்பாத்தி அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். பட்டியலில் அவர் முகவரியில் பதினோரு பேர் இருந்தார்கள், ஒருவரையும் அவருக்குத் தெரியாது. அவர் பெயர் மட்டும் இல்லை. அடையாள அட்டையின் ஐசி நம்பரைப் போட்டுத் தேடினால், எங்கோ கடலோரத்தில் இருக்கும் மெர்சிங் என்று வந்தது! அவரோ வீடே மாறியதில்லை. "அலமாக்! பதினோரு பேரா? இங்க ஒரே ஒரு கக்கூஸ்தான்மா இருக்கு!"

அந்த ஒரு நிமிடம்

பேட்டி முழுக்கச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். முடிந்ததும் எல்லாரும் அமைதியானோம். கோழி கொக்கரித்தது. தூரத்தில் ரயில் போனது. என் மகள்கூடச் சிணுங்கவில்லை. பாதி நிமிடத்தில் பாப்பாத்தி அக்கா தானாகவே பேச ஆரம்பித்தார். செல்வி அக்கா தடுக்கவில்லை. "எங்க பள்ளிக்கூடத்துலதான் ஓட்டுப் போடுவேன். போட்டுட்டு வந்து அடுப்பைப் பத்த வைப்பேன். இந்தத் தடவ சமைக்க மட்டுந்தான் போவணுமா?"

கவுண்டர்

தேர்தல் அலுவலகத்தில் படம் எடுக்கக் கூடாது என்று செல்வி அக்காவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான்தான் பேச வேண்டியதாயிற்று. அதுவும் மலாயில். பாப்பாத்தி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அதிகாரி திருத்த விண்ணப்பப் பாரத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் இந்தத் தேர்தலுக்குப் பட்டியல் மூடியாயிற்றாம், திருத்தம் இனி அடுத்ததற்குத்தானாம். அக்கா உடைந்து போவார் என்று பயந்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்ப, மெர்சிங்குக்கு எத்தன மணிக்கு பஸ்?"

கடல்

ஓட்டுப் போடும் நாளன்று, பஸ்ஸில் விடாமல் செல்வி அக்கா தன் பழைய காரில் கூட்டிப் போனார். இரண்டு மணி நேரப் பயணம், அப்புறம் வெயிலில் வரிசை. பாப்பாத்தி அக்கா மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். அப்படியே படகுத் துறைக்குப் போனோம். அவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு குனிந்து பார்த்தால், விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது! கைபேசியிலும் வெறும் காற்றிரைச்சல். செல்வி அக்கா திட்டவில்லை, மறக்கிறதுக்குள் எழுதி வைக்கச் சொன்னார். பாப்பாத்தி அக்கா சொன்னது இது: "கடல் நல்லாத்தான் இருக்கு லா. ஆனா எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சாலும் என் ஓட்டை நான் தேடி வந்துருவேன்."

ஒரு பொத்தானை இரண்டாந்தரம் அமுக்க மறந்த குற்றத்துக்கு, நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் இப்போது இதை எழுதி உங்கள் எல்லாருக்கும் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறேன்.