நுண்வெட்டாளர்மீது நான் எழுதிய புகார்

மைசூரில் நான் பணியாற்றிய ஆய்வுக்கூடத்தின் கோப்பில், திசுக்களை மெல்லிதாகச் சீவித்தரும் நுண்வெட்டாளர் அம்மையாரைப் பற்றி ஒரு வரியே எஞ்சியுள்ளது: “அனுமதியின்றிப் பிறபொருள் பயன்படுத்தினார்.” அவ்வரி என் புகாரில் பிறந்தது. ஆதலால் அதன் பின்னணியை எழுதிவைக்கும் கடமையும் எனதே.

நோயுற்றமையால் அறுவையில் அகற்றப்பட்ட இதயத் தடுக்கிதழ்களை, அதாவது வால்வுகளை, நாங்கள் ஆராய்ந்தோம். உறையவைத்த இதழை மிக மெல்லிதாகச் சீவிக் கண்ணாடியில் பரப்பி, லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாகச் செலுத்தினால், எழும் மூலக்கூறுகளை எடையால் இனங்கண்டு கருவி வண்ணப்படம் வரையும். ஆனால் நோயுற்ற இதழில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருக்கும். கத்தி பட்டதும் பொடியும். என் கையில் பொடிந்தது. ஹனூரிலிருந்து பணிக்கு வந்த அம்மையார் கையில் மட்டும் முழுமையாக வந்தது. போதாக்குறைக்கு, அவர் சீவிய இதழ்களில் சுண்ணாம்பைச் சுற்றி, அதுவரை அறியப்படாத மூலக்கூறு ஒன்று வளையமாக ஒளிர்ந்தது. நோயின் வேரைக் கண்டோமென்று எல்லோரும் மகிழ்ந்தனர். நான் ஐயுற்றேன்.

அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்கிறார் என்பது என் கணிப்பு. அமிலப் புட்டியில் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். அளவு இறங்கவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து கொண்டுவருகிறார் என்று முடிவு செய்தேன்! சனிதோறும் தேவராஜ மொஹல்லாக் கடைவீதியிலிருந்து ஒரு பொட்டலம் அவருடைய சாப்பாட்டுப் பையில் வரும். வெட்டும்போது கதவைத் தாழிட்டுக்கொள்வார். ஒருநாள் தட்டினேன்.

“ஏனுங்க சார், கதவெத் தொறந்தா குளுரு போயி சீவல் சுருண்டுக்குமுங்க. உள்ள என்ன, பொதையலா வெச்சிருக்கறேன்?” என்று சிரித்தார். அச்சிரிப்பையும் சான்றாகவே குறித்துக்கொண்டேன். புகார் எழுதினேன்.

விசாரணையில் அம்மையார் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கடைகளில் விற்கும் ஒட்டுநாடா உருளை.

“வெட்டற மொகத்துல இதெ ஒட்டிட்டுச் சீவுனா ஒடையாதுங்க. அமிலம் பட்டிருந்தா சுண்ணாம்பே கரைஞ்சிருக்குமே! படத்துல அப்படியேதானுங்களே இருக்குது?”

அந்த எளிய உண்மை எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்று மாலை வெறும் நாடாத் துண்டைக் கருவியில் வைத்துப் பார்த்தோம். அதே மூலக்கூறு ஒளிர்ந்தது. சுண்ணாம்பைச் சுற்றிய விரிசல்களில் தங்கிய பசையைத்தான் கொண்டாடியிருந்தோம். அமிலத்தை எல்லோரும் மறந்தனர், நாடா குற்றமாயிற்று. ஏதோ ஒரு வகையில் என் ஐயம் பலித்ததென்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் இயக்குநர் முன்னிலையில் அம்மையார் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சேந்த மொத வாரமே இந்த உருளையெ உங்க மேசைமேல வெச்சு, ‘இதெப் போட்டு வெட்டட்டுங்களா’ன்னு கேட்டனுங்களே. தலையெத் தூக்காம ‘ஆகட்டும் அம்மா’ன்னீங்க.”

“ஹௌதா சார்?” என்று, அது உண்மைதானா என இயக்குநர் கன்னடத்தில் வினவினார்.

“இல்லை” என்றேன்.

அன்றே அம்மையார் வேலையிழந்தார். பொய் சொல்கிறார் என்று பல்லாண்டு நம்பினேன். ஆனால் படிக்கும்போது குறுக்கிடுபவர் எவராயினும், என்ன கேட்டாரென்று அறியாமலே “ஆகட்டும் அம்மா”, “ஆகட்டும் ஐயா” என்பது இன்றும் என் வழக்கம். அம்மையார் அச்சொல்லைப் புனைந்திருக்க இயலுமா?

அக்காலத்தில் என் அறையில் அமர்ந்திருந்தவர் எவரேனும் இதைப் படித்தால், அம்மையார் உருளையோடு என்முன் நின்றதைக் கண்டீர்களா என்று தெரிவியுங்கள். இக்குறிப்பின் பிற பிழைகளைப் பிறகு திருத்தலாம். முதலில் அந்த “இல்லை”யைத் திருத்துங்கள்.