லாரன்ஸ் மாமாவின் சம்மனசுகள்

இரவு டூட்டி முடிந்து காலையில் அம்மா வரும்போது அவளுக்கு முன்பாகவே பினாயில் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். அதற்கு அடியில் மருந்து நனைந்த பஞ்சின் வாடை, அதற்கும் அடியில் விடிய விடிய நின்ற உடம்பின் வியர்வை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். அப்போது யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. அப்பாவுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை. ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்புறம் இருந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். நான் ஆறாவது படித்த வருடம் லாரன்ஸ் மாமாவும் எங்களோடு வந்து சேர்ந்தார்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அதை மூடிவிட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை, தனியாக அறை எடுத்திருக்கக் கையில் ஒன்றும் இல்லை, அதனால் அம்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். திருவிழாவுக்கு வந்தால் குடியிருப்பே அதிரும்படி பேசிச் சிரிக்கிறவர், இந்தத் தடவை வந்ததும் ஹாலில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து சாப்பிடுவார், மறுபடியும் படுத்துக்கொள்வார். பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்த்த அதே முதுகைத்தான் சாயங்காலம் திரும்பி வரும்போதும் பார்ப்பேன். அம்மா ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினார்.

மீன்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தது அவருடைய பழைய "தோஸ்து" ஒருவர். அதே தொழிற்சாலையில் வேலை போனவர், பிறகு கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வளர்த்து விற்கப் போய்விட்டார். சும்மா படுத்துக் கிடப்பதற்கு இதையாவது பார்த்துக்கொண்டு கிட என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் இருந்தன. தட்டையான வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகள், மேலேயும் கீழேயும் இறக்கை மாதிரி நீண்ட துடுப்புகள். ஏஞ்சல் என்றால் சம்மனசுதானே என்று அப்பா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து அவை எங்கள் வீட்டில் "சம்மனசுங்க" ஆகிவிட்டன.

மாமா அவற்றுக்காக எழுந்தார். முதலில் தீனி போடுவதற்கு மட்டும் எழுந்தார். பிறகு கண்ணாடியைத் துடைக்க, பிறகு ரப்பர் குழாயால் அடியில் இருந்த அழுக்கை உறிஞ்சி எடுக்க. ஒருநாள் நான் திரும்பி வரும்போது முகச்சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அன்றைக்கு மீன் குழம்பில் கூடுதலாக ஒரு துண்டு அவர் தட்டில் விழுந்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது, அடிபம்பில் உப்புத் தண்ணீர். லாரி வருகிற நாளில் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்து, பிடித்ததை இரண்டு மாடி தூக்கி வர வேண்டும். மழை வராவிட்டாலும் மார்கழிக் குளிர் மட்டும் தவறாமல் வந்தது. மாடிகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியிருந்த அந்தக் குளிரில்தான் சம்மனசுகளுக்கு நோய் கண்டது. உப்பைத் தூவினதுபோல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. துடுப்புகளை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. கல்லில் போய் உடம்பை உரசின. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா ஒரு பகல் முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், "அவ்ளோதான், பூடும்" என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு பாயை எடுத்து விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மா வந்து சுவரில் கை வைத்து நின்றவள், மூலையில் ஒதுங்கிய மீன்களையும் பார்த்தாள், அந்த முதுகையும் பார்த்தாள். முகம்கூடக் கழுவாமல் திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த மீன்கடைக்குப் போனாள். வரும்போது ஒரு சின்ன பாட்டிலில் நீல மருந்து இருந்தது. கடைக்காரர் சொன்னதையெல்லாம் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவள் மாதிரி என்னிடம் ஒப்பித்தாள்: தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கல் உப்புக் கொஞ்சம் போட வேண்டும், தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, பிளீச்சிங் வாடை போக ஒருநாள் வாளியில் வைத்திருக்க வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது இது எதற்கம்மா என்று கேட்டேன். அடுப்படியில் என்னை இழுத்து நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்.

"இதுங்க பூட்சின்னா அவன் இனிமே எழுந்துக்க மாட்டான்டி."

அம்மாவுக்கு மீன்கள் மேல் ஆசை கிடையாது. தட்டில் இல்லாத மீனால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறவள். ஆனால் அந்த நாட்களில் டூட்டியிலிருந்து வந்ததும் அவள் போவது தொட்டிக்குத்தான். தொட்டியைச் சூடாக்குகிற கருவி எங்களிடம் இல்லை. வெந்நீரைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து மூடி தொட்டியில் மிதக்கவிடுவாள், ஆறினால் எடுத்து மறுபடி நிரப்புவாள். மின்சாரம் போய்க் காற்று மோட்டார் நின்றுவிட்டால் டம்ளரால் தண்ணீரை மொண்டு மேலேயிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது என் வேலை. குழாயை வாயில் வைத்து அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும்போது சில தடவை அவள் வாய்க்குள்ளேயே போய்விடும். துப்பிவிட்டு, "அங்கயும் பீ அள்றேன், இங்கயும் பீ அள்றேன்" என்பாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். ஒருநாள் ஆறிப்போன பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டி வைத்த ஸ்டூலில் தலையைச் சாய்த்தபடியே தூங்கிவிட்டாள். நீலக் கறை அவள் விரல் நகங்களில் ஏறியிருந்தது.

எல்லாமே பிழைத்துவிடவில்லை. முதலில் சின்ன மீன் ஒன்று போனது, பிறகு இன்னொன்று. நான் அழுதபோது அம்மா என் வாயைப் பொத்தி, செத்ததைப் பேப்பரில் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே போனாள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. தூங்கினாரோ, தூங்குவதுபோல் கிடந்தாரோ.

அப்பாவுக்குத்தான் அதிகக் கஷ்டம். வேலை முடிந்து வரும்போது புருவம், காது மடல், மூக்குத் துவாரம் எல்லாம் கரித்தூளாக வருவார். அவருக்கென்று ஒரு வாளித் தண்ணீர் குளியலறையில் எப்போதும் இருக்கும். ஒருநாள் அவர் உள்ளே போய்விட்டு உடனே வெளியே வந்தார்.

"தண்ணி எங்க?"

"மீனுக்கு ஊத்திட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா அப்படியே நின்றார். பெரிய சண்டை வரப் போகிறது என்று நான் பாடப் புத்தகத்தை மூடினேன். அவர் தொட்டியைப் பார்த்தார், பாயில் கிடந்த மச்சானைப் பார்த்தார், கடைசியாக அம்மாவின் கண்களைப் பார்த்தார். அவை தூக்கமில்லாமல் சிவந்து உள்ளே போயிருந்தன. குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்துத் துண்டை நனைத்து, முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். வெள்ளைத் துண்டு முழுக்கக் கறுத்திருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு, நாளைக்குத் தான் சீக்கிரம் வந்து லாரியில் இரண்டு குடம் கூடப் பிடித்துத் தருவதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார்.

புள்ளிகள் எப்போது உதிரத் தொடங்கின என்று சரியாகச் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் அலங்காரமெல்லாம் கழற்றின பிறகு ஒருநாள், பெரிய சம்மனசு துடுப்பை முழுசாக விரித்துத் தொட்டியின் நடுவுக்கு வந்து நின்றது. நான் கத்தப் போனேன். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள். தீனியை எடுத்துப் போடாமல் டப்பாவை ஸ்டூலின் மேல் மாமாவின் கண்ணில் படுகிறபடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் மாமா தண்ணீர் குடிக்க எழுந்தவர் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார். அப்புறம் டப்பாவைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அவர் முழுசாகத் தேறக் கோடைகாலம் வரை ஆனது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், தகடு வெட்டுகிற ஒரு கடையில் வேலை கிடைத்தது. முதல் நாள் அவர் டிபன் பாக்ஸோடு படியிறங்கிப் போனதை அம்மாவும் நானும் மாடியிலிருந்து பார்த்தோம். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா உள்ளே வந்தாள். மீன்களைப் பிடித்துக் கவரில் போட்டுக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு போய், நீல மருந்து கொடுத்த அந்தக் கடைக்காரரிடமே கொடுத்தாள். திரும்பி வந்து தொட்டியைக் கழுவி மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்தாள். பிறகு ஹாலில் மாமாவின் பாயையே விரித்துப் படுத்தாள். சாயங்காலம்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை.

மாமா வந்து வெறும் ஸ்டூலைப் பார்த்தார். மீனெல்லாம் எங்கே அக்கா என்று கேட்டார்.

"குட்த்துட்டேன்டா. என்னால ஆவல."

அவர் டிபன் பாக்ஸை அந்த ஸ்டூலின் மேல் வைத்தார். பிறகு, "சர்தான்க்கா, நீ படு" என்றார். அன்றைக்கு அவர்தான் உலை வைத்தார்.

இப்போது அந்தக் குடியிருப்பு இல்லை; இடித்துவிட்டு உயரமாக வேறு கட்டியிருக்கிறார்கள். நிலக்கரி இறக்குகிற வேலை எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. துணி காயப்போட்டால் கறுப்பதில்லை, ஆனால் துண்டைக் கறுப்பாக்க அப்பாவும் இல்லை. நட்சத்திரங்கள் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அம்மா மாதவரத்தில் என்னோடு இருக்கிறாள், குடம் தூக்கின முழங்கால்கள் மடங்குவதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மாமா வந்திருந்தார், பேரன்பேத்தி எடுத்தவராக, பழையபடி உரக்கச் சிரிக்கிறவராக. என் மகன் மீன்தொட்டி வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். நோய் வந்தால் யார் பார்ப்பது என்று நான் சொன்னேன். மாமா அவனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது நைனா. எங்கிட்ட இருந்ததுக்குக்கூட நோவு வந்துச்சு. அதுங்களே தேறிக்கிச்சு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நாற்காலியில் காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள்.

"ஆமா," என்றாள். "அதுங்களேதான்."