மைமூனா மூடிய தாள்

வெள்ளைத் துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டுதான் மைமூனா மடிக்கணினியைத் திறப்பார். மருதமுனைக் கைத்தறித் துண்டு அது. வேலை முடிந்ததும் தூசு படாமல் திரைக்கு மேல் ஏறிவிடும். முதல் வேலை, கோப்பைப் பிரதி எடுப்பது. மூலத்தைத் தொடவே மாட்டார். "தெரியாம ஒரு எழுத்து மாறினாலும் அது வேற பொருளாப் போயிரும்" என்பார்.

கடல் கடந்த நாடொன்றில் பெரிய கம்பனி ஒன்று குடைசாய்ந்தது. வழக்கு நடந்து, அதன் மின்னஞ்சல்கள் அத்தனையும் பொதுவில் வந்துவிட்டன. அவற்றோடு ஒட்டிக்கிடக்கும் எக்செல் கோப்புகளைப் பிரித்தெடுத்து, ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கிறது ஒரு பல்கலைக்கழகம். கணினி தானாகப் பிரிக்க முடியாதவை, வேலை பிடித்துக் கொடுக்கும் கல்முனை ஸஹீத் வழியாக மைமூனாவிடம் வரும். கோப்புக்குள் மறைத்துவைத்த தாள்கள் உண்டா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். கணவர் இடுப்பு முறிந்து கடலுக்குப் போவதை விட்டபின், வீடு இதில்தான் ஓடுகிறது.

ஊரில் பெண்கள் மவுத்தானால், அடக்கம் செய்யுமுன் குளிப்பாட்டவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மையித்தின் மேல் துணி விரித்து, அதன் கீழே கைவிட்டுக் கழுவுவார். மீன் வாங்கப் போனால் வாய் ஓயாத மனுசி. யார் வீட்டில் என்ன கறி என்பது வரை தெரியும், சொல்லவும் செய்வார். குளிப்பாட்டிய வீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது.

போன கிழமை, குழாய் விற்பனைக் கோப்பொன்றில் மறைந்த தாள் ஒன்று இருந்தது. அங்கே வேலைசெய்த ஒரு பெண், பெயரோடு, தன் உடம்பின் நோயை நாள்வாரியாகக் குறித்திருந்தார். அதற்கு மேல் இங்கேயும் சொல்வதற்கில்லை. மைமூனா அதை அழிக்கவில்லை, பூட்டி ஒதுக்கிவைத்தார். ஒதுக்கியதற்குக் காரணம் எழுதும் பட்டியலும் பொதுவில் போவதால், "தனி ஆளுடையது" என்று மட்டும் எழுதினார்.

மறுநாள் ஸஹீத் அதைப் பற்றிப் போனில் கூப்பிட்டார். எந்தக் கோப்பு என்று தேடித் திறந்தார் மைமூனா.

"ராத்தா, நீங்க எழுதின காரணம் காணாதாம். என்ன நோயெண்டு எழுதச் சொல்றாங்க பல்கலைக்கழகத்துல. இல்லாட்டி வேலய வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க."

"எழுத ஏலா தம்பி."

"அந்த மனுசி இப்ப உசிரோட இரிக்காவோ என்னவோ. ஆருக்கு நோகப் போகுது?"

"மவுத்தாயிருந்தா இன்னும் கதைக்கப்படா. உங்கட உம்மாவ நான்தானே குளிப்பாட்டின. இண்டுவரைக்கும் உங்கக்கிட்டயாவது ஏதும் கதைச்சிரிக்கனா?"

ஸஹீத் போனை வைத்துவிட்டார். வேலை இருக்குமா என்று மைமூனா கேட்கவுமில்லை, ஸஹீத் சொல்லவுமில்லை.

அந்தத் தாள் திரையில் திறந்தே கிடந்தது. மைமூனா வெள்ளைத் துண்டை விரித்துத் திரையையும் விசைகளையும் போர்த்தினார். பிறகு அதன் கீழே வலது கையை விட்டு, கோப்பை மூடினார்.