நீடில் ஆயில் ஊற்றிய பிரேக்

செல்வினின் வேலை போனதற்குக் காரணம் நான். பிரேக்கைக் கெடுத்தது என் கை, பழி விழுந்தது அவன் கால்மேல்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் மேனேஜராக இருந்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லும் பழக்கம் அப்போது உண்டு. இப்போதும் விடவில்லை, பாருங்கள்.

1. ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்

கம்பெனி காரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் பெடல் மெல்லக் கீழே இறங்கியது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். "இதுக்குப் போய் மெக்கானிக்குங்களா? நானே ஊட்டுல மாத்திடறேனுங்க" என்று முதலாளியிடம் சொன்னேன்.

போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி, பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி, பைப் நட்டுகளைக் கழற்றி, புது சிலிண்டரைப் பூட்டினேன். லைனில் புகுந்த காற்றை வெளியேற்றப் பெடலை மிதிக்க வேண்டுமே, மனைவியை உட்கார வைத்தேன். "மிதி! பிடி! விடு!" என்று கத்தினேன்.

"ஏனுங்க, கம்பெனி ஆளுங்க கிட்டயும் இப்படித்தான் கத்துவீங்களா? பாவமுங்க அவங்க."

பாதியில் பிரேக் ஆயில் தீர்ந்தது. கடைக்குப் போகக் கை கழுவ வேண்டும், சட்டை மாற்ற வேண்டும். இன்ஜினியர் அவ்வளவு சிரமப்படலாமா? ஷெல்ஃபில் நீடில் ஆயில் இருந்தது. நிட்டிங் மெஷின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய், தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அவ்வளவு விலையுள்ள மெஷினுக்கே ஆகிறது, இந்த ஓட்டைக் காருக்கு ஆகாதா என்று ஊற்றி நிரப்பினேன். எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருந்தது. அந்த மூடியைப் பனியன் வேஸ்ட்டால் பளபளவென்று துடைத்தேன். படிக்கவில்லை.

2. புது சாமான் அப்படித்தான்

செல்வின் கம்பெனி டிரைவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். சில நாளில் என்னிடம் வந்தான்.

"சார், பெடல் மேல வர மாட்டேங்கு. வண்டி தானா பிடிக்கு. வீல் கொதிக்கு சார்."

"புது சாமான்யா, அப்படித்தான் இருக்கும். நீ பிரேக் மேலயே காலை வெச்சு ஓட்டறே."

"நானா சார்? பதினாலு வருசமா ஓட்டுதேன்."

"பதினாலு வருசமாத் தப்பா ஓட்டியிருப்பே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே கேட்டுக்குள் நுழையும்போது பெடல் முழுசாகக் கீழே போய்விட்டது. வண்டி, இறக்கி வைத்திருந்த துணி ரோல்களில் போய்ச் செருகிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. பெடலை மிதித்துப் பார்க்கிறவன்போல முதலில் ஓடிப்போய் சீட்டில் உட்கார்ந்தவன் நான். வேறு யாரும் மிதித்துப் பார்த்துவிடக் கூடாதே.

"பிரேக் நல்லாத்தானுங்களே இருந்துச்சு?" என்றார் முதலாளி.

"பக்காங்க. பதட்டத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டானுங்க."

செல்வின் என்னையே பார்த்தான். சாயந்திரம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் நானே பிரேக் ஆயில் மூடியைத் திறந்தேன். அடியிலிருந்த ரப்பர், ஊறப்போட்ட வடை மாதிரி உப்பியிருந்தது. நீடில் ஆயில் பிரேக் ரப்பரை அப்படித்தான் செய்யும். சிலிண்டர், ஹோஸ், நான்கு சக்கரத்துச் சீல்கள் எல்லாவற்றையும் வெளி மெக்கானிக்கிடம் மாற்றினேன். "ஜெனரல் செக்கப்புங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். பொய்யிலும் டெக்னிக்கல் வார்த்தை போட்டால் கேள்வி வராது.

3. திரும்பக் கூட்டி வந்தது

ஆக்சிலேட்டரை மிதித்தவன் என்ற பேர் செல்வினுக்கு முன்னாலேயே கம்பெனி கம்பெனியாகப் போய்விட்டது. யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. பெருமாநல்லூரில் ஒரு யூனிட்டில் தைத்த பனியன் பீஸ்களை மடித்து அடுக்குகிறான் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகும் பல மாதம் நன்றாகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். ரிட்டயர் ஆகும் வாரம்தான் மனசாட்சிக்கு லீவு முடிந்தது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அவன வரச் சொல்லுங்க. ஆளுங்க போற வேன ஓட்டட்டும். அவன் மேல தப்பில்லீன்னு கேட்டுல வெச்சு, எல்லாரும் கேக்கற மாதிரி நானே சொல்லீர்றேன். நீங்க மட்டும் இனி எந்த வண்டி பானெட்டயும் தொறந்துறாதீங்க சாமி."

பெருமாநல்லூர் போய், யூனிட் வாசலில் செல்வினிடம் நடந்ததையும் முதலாளி வரச் சொன்னதையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

"நீடில் ஆயிலா சார்?" என்றான். "தேங்காண்ணெ கிடைக்கலியோ?"

பிறகு சட்டையை உதறிக்கொண்டு என்னோடு கிளம்பினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரேக்கில் மூடியில் எழுதியிருக்கிற ஆயிலைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள். ஓட்டுகிறவன் வந்து குறை சொன்னால், அவன் காலைப் பார்க்காமல் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

அன்று அதே காரை நான் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார வைத்துத்தான் அவனைக் கூட்டி வந்தேன். எல்லாம் புதுசு, மெக்கானிக் மாற்றியது என்று நாலு தடவை சொன்னேன். "சரி சார், சரி சார்" என்று தலையாட்டினான். ஆனால் முதலிபாளையம் வரும்வரை ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.