பழுதான படங்களுக்குள் போட்ட படம்

வாழைச்சேனையில் எங்கள் தெருவில் கலியாணப் படம் எடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் என்னோடு ஒன்றாகத் தொழில் பழகியவன். பெரிய கலியாணங்களெல்லாம் அவனைத் தேடித்தான் போகும். எனக்கு வயிறு எரியும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அவன் சுத்த மக்கு. அவனுடைய ஹாட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போடத் தொடங்கியதும் என் கடைக்குத்தான் ஓடி வந்தான்.

“ஒரு கலியாணம் முழுக்க இதுக்குள்ளதான் மச்சான். இன்னும் அல்பம் குடுக்கல்ல. எப்படியாவது எடுத்துத் தா.”

டிஸ்க் மூச்சை விடுவதற்குள் இருந்ததையெல்லாம் வேறொன்றுக்கு நகலெடுத்தேன். வரிசையாகத் தெரியும் குட்டிப் படங்களில் ஒரு குறையும் இல்லை. அவற்றை நம்பக்கூடாது. குட்டிப் படம் தனியாகப் பதிந்திருக்கும். முழுப் படத்தையும் திறந்தால்தான் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம் தெரியும். ஆகவே ஒவ்வொன்றாகத் திறந்து, நல்லதை ஒரு ஃபோல்டரிலும் பழுதை இன்னொன்றிலும் போட்டேன். பழுதான படம் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அப்படியே போகையில் ஒரு படம் திறந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போய்விடுவது வழக்கம். படத்தில் எல்லாரும் மணவறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கலியாணப் பொம்பிளையின் தகப்பன் மட்டும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்கதவால் இறங்குகிறார். ஒரு மூலைகூடப் பழுதில்லை.

எத்தனை கலியாண வீடுகளில் நின்றிருக்கிறேன். ஒரு நாளாவது கமராவை அந்தப் பக்கம் திருப்பினேனா? இவனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தைப் பழுதுகளோடு சேர்த்துப் போட்டேன்.

பின்னேரம் வந்தவன் நல்ல படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனான். கடைசிக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“தலகணியோட ஒரு படம் இருந்திச்சே?”

“அது பழுது.”

“நீ பாத்துச் சொன்னாச் சரிதான். உனக்குக் காட்டத்தான் வெச்சிருந்தன் மச்சான். உன்ட தங்கச்சிர கலியாணத்தண்டு உங்கப்பா தலகணியத் தூக்கிட்டுப் பின்னுக்குப் போனாரெண்டு சொல்லி அழுதாய்தானே. அந்த ஞாபகத்திலதான் பின்பக்கம் திரும்பினன்.”

அழுதவன் நான். அதைப் படமாகக் கண்டவன் அவன். அந்த நேரத்திலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“பொறு, மறுகா ஒருக்காப் பாப்பம்” என்று சொல்லிப் பழுது ஃபோல்டரைத் திறந்து, அந்தப் படத்தை அவன் முன்னாலேயே அழுத்தினேன். முழுசாகத் திறந்தது. அவன் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.