தேதி கேட்கச் சொன்ன ரோசலின் அக்கா

மலைமேல் கியா பார்ம் சந்தைக் கடையில் ஸ்ட்ராபெரி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார். "ரோசலின் தவறிட்டாம்மா. ஆஸ்பத்திரியிலயே." எதிரில் காத்திருந்தவருக்குப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்த ரோசலின் அக்காவை நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வயது. ஞாயிறு அறிவிப்புகளை மூச்சு விடாமல் வாசிப்பவர். நான் அவரை அறிந்தது ஒரு தாளின் வழியாக.

சென்ற ஆண்டு, மலைக்குக் கீழே உள்ள சிறிய கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர்கள் வண்ணக் கையேடு கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா அங்கே படித்தவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து மேலே படிக்கப் போகிறவர்களுக்காக அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பாஸ்டர் கேட்டார். அக்கா இரண்டு நாள் விடுப்பு எடுத்து, தானா ராத்தா நிலையத்தில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார். "நான் படிச்சு ஒன்பது வருஷமாச்சு. ஒரு வீட்டப் பத்தி இப்ப குடியிருக்கிறவங்களத்தானே கேக்கணும்" என்றார்.

தாளில் இருந்தது இது: ஆசிரியர்களுக்கு எல்லா மாணவர்களின் பெயரும் தெரியும். இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால் விடுதிக்கே தேடி வருவார்கள். நூலகம் ஒரே அறை. மாலை ஜெபத்துக்கு எல்லோரும் வர வேண்டும். பாலர் பள்ளி ஆசிரியர் படிப்புக்கு அரசு அங்கீகாரம் இன்னும் வரவில்லை. சேரும் முன் கேட்கவும்.

பாஸ்டர் கடைசி வரியில் விரல் வைத்தார். "இத மட்டும் எடுத்திடலாமா? நம்ம காலேஜ் லா, ரோசலின்."

"நம்ம காலேஜ்னாலதான் எழுதினேன், ஐயா. வேற காலேஜ்னா எனக்கென்ன?"

பாஸ்டர் சிரித்துவிட்டு, அவரே அதை அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

நான் சேர நினைத்தது அந்தப் பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பில்தான். கிறிஸ்தவக் கல்லூரி என்பதால் மட்டுமே அப்பா சம்மதித்திருந்தார். தாளைப் படித்தவர் வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் தொழிற்சாலை வாசலில் அக்காவுக்காகக் காத்திருந்தேன்.

"உங்களாலதான் அப்பா போகாதன்னுட்டாங்க."

"போகாதன்னு எங்க எழுதினேன்? கேட்டுட்டுப் போன்னுதான் எழுதினேன். கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை. அவர் கல்லூரி எண்ணை அழைத்துக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அங்கீகாரம் வந்துவிட்டதா என்று கேட்டேன். அங்கே பேசியவர் அன்பாகவே பேசினார். "சீக்கிரம் வந்துரும்மா." அக்கா என் காதருகில், "தேதி கேளு" என்றார். கேட்டேன். தேதி இல்லை.

"எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க. நான் படிச்சது வேற படிப்பு. அதுக்கும் அங்கீகாரம் வந்துச்சு, நான் முடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள இங்க வேலைக்கு உக்காந்துட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நல்ல காலேஜ்தான். ஆனா நீ படிக்கிற வேகத்துக்கு அந்த லைப்ரரிய ஒரு வருஷத்துல முடிச்சிடுவ, புத்தகப்புழு."

நான் பள்ளியிலேயே ஆறாம் படிவத்தில் சேர்ந்தேன். அந்தக் கல்லூரி மீது எனக்கு இன்னும் ஆசை உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அங்கே அழைத்துக் கேட்பேன். பதிலைத் தாளின் அடியில் பென்சிலால் எழுதிவைப்பேன். ஞாயிறன்று அக்கா படித்துப் பார்ப்பார்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். அடக்கத்துக்கு மறுநாள் முதல் திங்கட்கிழமையாக இருந்தது. அழைத்தேன். சீக்கிரம் என்றார்கள். 'தேதி சொல்லவில்லை' என்று எழுதினேன். தாள் பலகையில் இருக்கிறது. இந்த ஆண்டு முடிப்பவர்கள் படித்துப் பாருங்கள்.