சத்தம் போட்டுப் படித்த பாடம்

எங்கள் ஊரில் தலைவர் என்றால் அது என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனாதான். ஊராட்சி அலுவலகப் பலகையில் தலைவர் என்று எழுதியிருந்ததென்னவோ அம்மாவின் பெயர். இதில் ஊரில் யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

அந்தத் தடவை எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தேர்தலில் நிற்பதற்கென்றே வெள்ளைச் சட்டைகளாகத் தைத்து வைத்திருந்த நைனா, கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அம்மாவை நிறுத்தினார். போஸ்டரில் அம்மா படம் சின்னதாக இருந்தது. கும்பிட்டபடி நிற்கும் நைனா படம் பெரிதாக இருந்தது. ஜெயித்ததும் மாலை நைனா கழுத்தில் விழுந்தது. அம்மா வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு இருந்த அரசாங்க வேலை ஒன்றுதான். ஊராட்சி கிளார்க் பையில் புத்தகங்களோடு வீட்டு வாசலில் வந்து நிற்பார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எங்க?" என்று கேட்பாள். அவர் விரலை வைத்த இடத்தில் போட்டுக் கொடுப்பாள். எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், என் ரேங்க் கார்டில் மட்டும் நைனாதான் கையெழுத்துப் போடுவார். அது முக்கியமான விஷயமாம்.

நான் அப்போது திருத்தணியில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ. எடுத்திருந்தது வரலாறு, அரசியல் அறிவியல் குரூப். மார்க் வராதவர்கள் ஒதுங்குகிற இடம் என்று அதற்கு ஊரெல்லாம் பெயர். எனக்கு அந்தக் குறை கிடையாது. மனப்பாடம் என்று வந்துவிட்டால் என்னை அடிக்க ஆளில்லை என்கிற திமிர் இருந்தது. காலையில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கோயிலுக்கு வந்தவர்களோடு நெருக்கியடித்து பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு பக்கத்தை முழுங்கிவிடுவேன்.

அந்த வருஷம் அரசியல் அறிவியலில் நாடுகளை ஒப்பிடுகிற பாடம் வந்தது. முதலில் பிரிட்டன், பிறகு அமெரிக்கா, பிறகு சுவிட்சர்லாந்து. அரசர் யார், அமைச்சரவை யார், எவர் எவருக்குக் கட்டுப்பட்டவர் என்று கட்டம் கட்டமாகப் படிக்க வேண்டும். பிரிட்டன் பாடத்தின் முதல் பக்கத்திலேயே, அங்கே அரசி பெயருக்கு ஆட்சியில் இருக்கிறார், உண்மையில் ஆள்வது பிரதமர் என்று போட்டிருந்தது. படித்தவுடன் எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துப் பெண்கள் எல்லாம் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, இது நம் வீட்டுக் கதையாயிற்றே என்று எனக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் படிப்பது என்றால் சத்தம் போட்டுப் படிப்பதுதான். வாய் மூடியிருந்தால் பிள்ளை தூங்குகிறது என்று அர்த்தம். சாயந்திரங்களில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து நான் பிரிட்டனை ஓதுவேன். உள்ளே அம்மா குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதா அரசியின் ஒப்புதல் இல்லாமல் சட்டமாகாது என்கிற வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"அந்தம்மா கையெழுத்து போடலன்னா?"

"போட்டுடுவாங்கம்மா. முந்நூறு வருஷமா யாரும் போடாம இருந்ததில்ல. அது மரபு."

"மரபுன்னா?"

"பழக்கம்மா."

"யாரோட பழக்கம்?"

எனக்கு எரிச்சல் வந்தது. "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா. நீ ஒருத்தி, படிச்சிகினு இருக்கும்போது நடுவுல வந்து."

"இல்ல, போட்டே ஆவணும்னு சட்டம் எதுனா இருக்குதா?"

"இல்ல. போடாம இருக்கலாம். ஆனா இருக்க மாட்டாங்க."

"ஆங்," என்றாள் அம்மா. கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

அந்தச் சமயம் ஊரில் ஒரு தண்ணீர்த் தொட்டி விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு ஏற்கெனவே ஒரு மேல்நிலைத் தொட்டி இருந்தது. காலனிக்குக் கிடையாது. அங்கிருந்து பெண்கள் குடங்களோடு எங்கள் நிலத்துக்கு வருவார்கள். "அக்கா, மோட்டார் போடுக்கா" என்று வரப்பிலிருந்தே குரல் வரும். மும்முனைக் கரண்ட் எப்போது வருமோ அப்போதுதான் அவர்களுக்குத் தண்ணீர். சில நாள் அம்மா கரண்டுக்காக அவர்களோடு கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். புதுத் தொட்டி ஒன்று ஒதுக்கீடாகி வந்தபோது, அது காலனிக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நைனாவின் சிநேகிதர் ஒருவர் கனகம்மாசத்திரம் போகிற ரோட்டோரம் கலர் கல் நட்டு மனை போட்டிருந்தார். பக்கத்தில் தொட்டி எழுந்தால் மனை சீக்கிரம் போகும். நைனா கெட்டவர் இல்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் அவர்கள் சொல்வது அவருக்கு நியாயமாகப் படும், அவ்வளவுதான். அவர் பக்கத்தில் காலனிக்காரர்கள் உட்காருவதில்லை.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. எங்கள் அரசியல் அறிவியல் மிஸ், பாடத்தை நேரில் பார்க்கலாம் என்று வகுப்பிலிருந்து சில பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். என் அம்மா தலைவர் என்பதால் எனக்கு அன்று தனி மவுசு. சார்ட் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து என்று மூன்று கட்டம். நான்காவது கட்டத்தில் எங்கள் ஊர். எங்கள் ஊர் எந்த முறையைச் சேர்ந்தது என்று பார்த்து எழுத வேண்டும். பார்க்க என்ன இருக்கிறது? முதல் நாளே ஸ்கெட்ச் பேனாவால் 'பிரிட்டன் முறை' என்று எழுதி, சுற்றிப் பூ கூடப் போட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். நடு நாற்காலியில் அம்மா, பட்டுப் புடவையில், பேசாமல். பக்கத்தில் மைக்கோடு நைனா. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பைலால் விசிறிக்கொண்டிருந்தார். ஷாமியானா நிழல் முடிந்த இடத்தில், வெயிலில், காலனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன் மிஸ் என்னைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார். நான் சார்ட்டைத் தூக்கிப் பிடித்து, "எங்க ஊர் பிரிட்டன் முறை மிஸ். அம்மா ராணி. நைனா பிரதமர்" என்றேன்.

ஷாமியானாவே சிரித்தது. முதலில் சிரித்தவர் நைனாதான். பிரதமர் என்றது அவருக்குக் குளிர்ந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

தீர்மானங்களை நைனா ஒவ்வொன்றாக வாசித்தார். தெருவிளக்குக்குக் கை தூக்கினார்கள். கால்வாய்க்குத் தூக்கினார்கள். தொட்டி மனைப் பக்கம் ரோட்டோரத்தில் என்று வந்தபோது வெயிலிலிருந்து ஒரு பெண் எழுந்து, "தலைவரே, அது எங்க தெருவுக்குன்னு வந்த டேங்கு தானே?" என்றாள்.

"தண்ணி வரும்மா. அங்கேர்ந்து பைப்பு போட்டு வுடறோம். நீ குந்து," என்றார் நைனா, பிரியமாகவே. முன்வரிசைக் கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

கிளார்க் புத்தகத்தைக் கொண்டுபோய் அம்மா முன்னால் விரித்து விரல் வைத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்த அம்மா, ஓரிடத்தில் விரலைத் தள்ளிவிட்டுக் குனிந்து படித்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"இதுல போட மாட்டேன். டேங்கு காலனிக்குன்னு எழுதிகினு வா, போடறேன்."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. நைனா சிரித்தபடி குனிந்து, "இன்னா வெளாட்டு இது? போடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும்ங்க."

நைனாவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி விசிறுவதை நிறுத்திவிட்டு, பாவம், வழக்கத்தை விடாமல் நைனாவிடமே சொன்னார்: "தலைவர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க, தலைவரே."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் முன்னால் நைனா அப்படி நின்றது பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் என்ன நடக்குமோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டுக்கும் மேலாக, இப்போது சொன்னால் கேவலமாகத்தான் இருக்கிறது, என் சார்ட் தப்பாகிப் போனதில் அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. ராணி இப்படிச் செய்ய மாட்டாள் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. மிஸ் நான்காவது கட்டத்தையும் அதைச் சுற்றியிருந்த பூவையும் பார்த்தார். "அத அப்புறம் எழுதிக்கலாம்" என்று சார்ட்டைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டார்.

வரும்போது நைனாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த அம்மா, திரும்பும்போது காலனிப் பெண்களோடு பேசிக்கொண்டு நடந்தாள். நான் சார்ட்டோடு பின்னால் தொங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் இடி ஒன்றும் விழவில்லை. நைனா வெகுநாள் அம்மாவோடு பேசவில்லை; வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லி அனுப்புவார். "ரசம் கேளு." "சட்ட எங்கன்னு கேளு." கடைசியில் அவரே கிளார்க்கிடம் வேறு மாதிரி எழுதச் சொன்னார். தொட்டி காலனியில்தான் நிற்கிறது. திறப்பு விழாவில், காலனி மக்களுக்காகத் தான் பட்ட பாட்டைப் பற்றி நைனா அருமையாகப் பேசினார். அம்மா கை தட்டினாள்.

அதெல்லாம் பிறகு. அந்தக் கிராம சபை அன்று சாயந்திரம் நான் அடுப்படி வாசலில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா பட்டுப் புடவையை மாற்றிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். நைனா வாசலில் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இருப்பது மூன்றே பேர்தான் என்றாலும், வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை.

"பிரிட்டன் முடிஞ்சிடுச்சா?" என்றாள் அம்மா.

"முடிஞ்சிடுச்சி."

"அடுத்தது இன்னா?"

"அமெரிக்கா. அங்க ராணி கெடையாது," என்றேன் வெடுக்கென்று. "குடியரசுத் தலைவர்தான். அவர் மசோதாவ வேணாம்னு திருப்பி அனுப்பினா, மூணுல ரெண்டு பங்கு பேர் சேர்ந்து அவர மீறி நிறைவேத்திடலாம்."

அம்மா குழம்பைக் கிளறுவதை நிறுத்தி, வாசல் பக்கம் ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள்.

"அத நல்லா சத்தமா படி," என்றாள்.

என் மார்க்கில் அம்மாவுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. முதல் வரியிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி படிக்க ஆரம்பித்தேன்.